கணக்கில் இடிக்கும் ஒன்பது கிலோ

அம்மாபேட்டை, சேலம்
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஆடிப் பண்டிகைக்கு வந்து புனேவுக்குத் திரும்பிய நாளிலிருந்து நீ போனில் "சாப்பிட்டேன், வேலை இருக்கிறது" என்பதற்கு மேல் பேசாததால், வாயால் கேட்க வராததைத் தாளில் கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேட்க வந்தது நீ சாப்பிடும் புரதத்தைப் பற்றித்தான், வேறொன்றும் இல்லை.

நீ இங்கிருந்த நான்கு நாளும் கோழிக்கறியைத் தராசில் வைத்து நிறுத்துச் சாப்பிட்டாய். காலையில் பன்னிரண்டு முட்டையை உடைத்து, வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, மஞ்சள் கருக்களை ஒரு கிண்ணத்தில் விட்டுவிட்டுப் போனாய். எவ்வளவு புரதம் வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு ஒரு நாளைக்கு 250 கிராம் என்றாய். முப்பத்தொரு வருடம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கணக்கு எழுதியவனுக்கு ஒரு எண்ணைக் காதில் வாங்கிவிட்டுச் சும்மா இருக்க வராது. உன் அக்காவைப் போனில் தேடி எழுதித் தரச் சொன்னேன். மீதியை நானே போட்டுப் பார்த்தேன்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். நீ 72 கிலோ என்றால் அது 60 கிராம். பளு தூக்குகிறவனுக்கு அது போதாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2018-இல் 49 ஆய்வுகளையும் அவற்றில் கலந்துகொண்ட 1,863 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழின் கட்டுரை, கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் பயிற்சியால் வரும் தசை அதற்கு மேல் கூடுவதில்லை என்று சொல்கிறது. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 2.2 வரை போனாலும் தவறில்லை என்பது அதிலேயே இருக்கிறது. நம் நாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் அதே 1.6-ஐச் சொல்லி, புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. உனக்கு 1.6 என்றால் 115 கிராம், 2.2 என்றே வைத்தாலும் 158 கிராம். உன் 250 இரண்டிலும் அடங்கவில்லை. அந்த மீதிப் புரதத்தை உடம்பு தசையாகச் சேமித்து வைப்பதில்லை, தம்பி. எரித்துவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளுகிறது. நீ காசு கொடுத்து வாங்குவதில் பாதி அங்கேதான் போகிறது.

115 கிராமுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்பதையும் எழுதிவிடுகிறேன். காலையில் நான்கு இட்லியில் 8, சாம்பாரில் 3, மூன்று முழு முட்டையில் 18, ஆக 29. மதியம் 150 கிராம் அரிசியில் 12, நாற்பது கிராம் துவரம்பருப்பில் 9, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 6, ஆக 27. மாலையில் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒன்றரை டம்ளர் பாலும் சேர்ந்து 29. இரவு மூன்று சப்பாத்தியும் நூறு கிராம் கோழிக்கறியும் 31. கூட்டினால் 116. ஒரே வேளையில் கொட்டாமல் நான்காகப் பிரித்துச் சாப்பிடுவதுதான் தசைக்கு நல்லது என்று சொல்கிறார்கள். உன் அம்மாவின் சமையல் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே அப்படித்தான் பிரிந்திருக்கிறது. அசைவம் வேண்டாத நாளில் சோயா உருண்டை ஐம்பது கிராம் போட்டாலே 25 கிராம் வந்துவிடும். கொள்ளும் துவரையும் புரதத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

மஞ்சள் கருவை மட்டும் எறியாதே. ஒரு முட்டையின் ஆறு கிராமில் கிட்டத்தட்ட பாதி மஞ்சளில்தான் இருக்கிறது. பன்னிரண்டு மஞ்சளைக் கிண்ணத்தில் விட்டபோது நீ முப்பது கிராம் புரதத்தை விட்டுவிட்டுப் போனாய்.

டப்பாவில் வரும் பொடியை நான் விஷம் என்று சொல்லவில்லை. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிந்து வரும் தண்ணீரைக் காயவைத்ததுதான் அது. ஒரு கரண்டியில் 24 கிராம் இருக்குமானால் அவசரத்துக்கு உதவும். ஆனால் நான் மாவுத் தொழிலில் இருந்தவன். மாவோடு மாவு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரதத்தை நைட்ரஜனை அளந்து கணக்கிடுவதால், விலை குறைந்த அமினோ அமிலத்தைக் கலந்து எண்ணை உயர்த்திக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டப்பாவின் மேல் அச்சிட்ட எண்ணை நம்புகிற நீ, நான் எழுதும் எண்ணை நம்பமாட்டாயா?

குகைப் பகுதியில் வேஷம் போட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை அன்று உன்னைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பீமன் வேஷத்துக்கு உங்க பையனையே நிறுத்திடலாம்" என்று நம் தெருக்காரர் சொன்னது உன் காதில் விழுந்ததோ என்னவோ, எனக்கு விழுந்தது. அன்றிரவு அதை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். சட்டை தோளில் இறுகி நீ கூட்டத்தில் நின்றதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஆனால் உன் மாமா "ஒல்லிப்பிச்சான் எங்கே" என்று கேட்டபோது நீ திரும்பிப் பார்த்த பார்வையும் நன்றாக இல்லை. பெரியவர்கள் விளையாட்டுக்குக் கேட்பதற்கு அப்படிப் பார்ப்பதா? முன்பெல்லாம் நீ அப்படிப் பார்க்கிறவன் இல்லை.

கணக்கில் ஒரு வரி எனக்கு இடிக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது அக்கா வீட்டு மெஷினில் நீ 63 கிலோ. ஆடியில் அதே மெஷினில் 72. ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ. இடுப்போ கொஞ்சமும் ஏறவில்லை. புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவனுக்கு முதல் வருடம் சற்று வேகமாக ஏறும் என்பதும், எடையில் தண்ணீரும் சேரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறவன். 115 ஆகட்டும், 250 ஆகட்டும், புரதத்தை எந்த வழியில் கூட்டினாலும் அந்த ஒன்பது வரவில்லை. வரவு எழுதாத சரக்கு கிடங்கில் இருந்தால் கணக்குப்பிள்ளை என்ன நினைப்பான் என்று நீயே யோசித்துக்கொள். உன் பையின் பக்க அறையில் இருந்ததை அம்மா துவைக்க எடுத்தபோது பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். தன் அப்பாவுக்கு, உன் அப்புச்சிக்கு, ஆறு வருடம் ஊசி போட்ட கை அவளுடையது, அவளுக்கு அடையாளம் தெரியாதது இல்லை. இது இன்சுலின் இல்லை என்பதை மட்டும் என்னிடம் சொன்னாள். வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்கிற சரக்குகளும், இதயத்தைக் கெடுக்கிற சரக்குகளும் ஜிம் பக்கம் கைமாறுகின்றன என்று நம் டாக்டர் பொதுவாகச் சொன்னார். நானும் பொதுவாகத்தான் கேட்டேன்.

புரதத்துக்கே வருகிறேன். நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்குக் கூடுதல் புரதத்தால் கேடு வந்ததாகக் காட்டப்படவில்லை என்றும், ஏற்கெனவே பழுதானவனுக்குத்தான் ஆபத்து என்றும் டாக்டர் சொன்னார். அப்புச்சிக்கு முதலில் பருப்பைக் குறைக்கச் சொல்லி, டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அதே பருப்பைக் கூட்டச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ அந்த வழியில் வந்த பேரன். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், அவற்றோடு சர்க்கரை, மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடு. தசை அதிகமுள்ளவர்களுக்குக் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதால், நீ பளு தூக்குவதையும், வேறு எது எடுத்துக்கொண்டாலும் அதையும், அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல். என்னிடம் சொல்லாவிட்டாலும் அவரிடம் சொல்.

அந்தப் பன்னிரண்டு மஞ்சள் கருவையும் அம்மா வெங்காயம் போட்டு வதக்கினாள். நான்தான் சாப்பிட்டேன். சாப்பிடும்போது ஒன்று நினைவுக்கு வந்து, அதிலிருந்து தூக்கம் சரியில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் ஏற்காட்டுக்குப் போனபோது, கிளியூர் அருவியிலிருந்து மேலே ஏறி வர முடியாமல் நீ பாதியில் உட்கார்ந்துவிட்டாய். நான் உன்னைச் சுமந்து ஏறினேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. மறுநாள் டாக்டரிடம் உன்னை நான் மட்டும் கூட்டிப்போனேன். "பையனுக்குச் சத்து இல்லை, தினமும் ஒரு முட்டையும் இரண்டு வேளை பாலும் கொடுங்கள்" என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பூச்சி மாத்திரை போதும் என்றார் என்று சொன்னேன். மனைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த காலம்; உன்னை மெட்ரிக் பள்ளியில் வேறு சேர்த்திருந்தேன். 2010-இல் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனபோது நம் தெருவில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போன பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டார்கள். பணம் கட்டிப் படித்த உனக்கு அதுவும் இல்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மூன்று, நான்கு ரூபாய் முட்டைக்கு நான் கணக்குப் பார்த்தேன்.

பணம் இல்லாததால் என்றுகூட எழுதிவிடலாம். அது முழு உண்மை இல்லை. சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் ஆலைக்காரர்கள் நாலைந்து பேர் ஆத்தூர் சாலையில் ஒரு மெஸ்ஸுக்குப் போவோம். ஈரல் வறுவலும் தலைக்கறிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் வருவேன். நீயும் அக்காவும் ரசம் சாதத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். சில நாள் ஆலையிலிருந்து கொண்டுவந்த ஜவ்வரிசியில் கஞ்சி. நூறு கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இல்லாத அந்த மாவை உங்களுக்குக் கொடுத்து வளர்த்தேன். நான் ஒரு சனிக்கிழமை தின்றது உனக்கு ஒரு வாரத்து முட்டை. இப்படி எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. கல்யாண வீட்டில் உன் மாமா முதன்முதலில் ஒல்லிப்பிச்சான் என்றபோது எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவனும் நான்தான். அம்மாவுக்கு இன்றுவரை அந்த டாக்டர் சொன்னது தெரியாது. நீ சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்.

ஆகவே 250 என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதைப் புரிந்துகொள். பழைய பாக்கியை வசூலிக்கிறான் என்றுதான் பட்டது. அதைச் சாப்பாட்டில் மட்டும் வசூலித்துக்கொள். மஞ்சளோடு சாப்பிடு, நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடு. டப்பா வேண்டுமென்றால் ஒரு கரண்டியோடு நிறுத்து. அந்தப் பக்க அறையில் இருப்பதை ஜிம்மில் யார் கொடுத்தாரோ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. பணம் திரும்பாவிட்டால் போகட்டும்.

பக்கத்துத் தெருப் பையன் வெள்ளிக்கிழமை புனே வருகிறான். அவனிடம் வறுத்த நிலக்கடலை மூன்று கிலோவும், கொள்ளு இரண்டு கிலோவும், அம்மா அரைத்த பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு உன் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டிருக்கிறேன். அதில் டப்பா வாங்காதே.

அம்மா விளக்குப் போட எழுந்துவிட்டாள். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உனக்கு மனம் வராவிட்டால் பரவாயில்லை. மாதம் ஒரு முறை எடையை மட்டும் போனில் எழுதி அனுப்பு. ஒன்றிரண்டு கிலோ இறங்கியிருந்தாலும் எழுது, நான் எதுவும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா