எங்கள் பைப் மேஜருக்கு மூச்சு கொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், உறவினர்களுக்கும், அப்பாவோடு பணியாற்றிய படைவீரர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வந்திருந்த ஒவ்வொருவரிடமும் நின்று நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்பட்டோம். கூட்டத்தில் அது நடக்கவில்லை. அதனால் அம்மா, அண்ணன், நான் மூவரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். சொற்கள் பெரும்பாலும் என்னுடையவை, நன்றி மூவருடையதும்.

அப்பா 1967இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 1991இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 1758இல் தொடங்கிய படைப்பிரிவு அது. தொப்பிச் சின்னத்தில் யானை இருக்கும். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி முடித்தவரைப் பட்டாலியனின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பேக்பைப், கக்கத்தில் இடுக்கிய பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் குழல் வாத்தியம், அவர் கைக்கு வந்தது. பிறகு மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் உள்ள ராணுவ இசைப் பயிற்சிப் பிரிவுக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார். கடைசி சில ஆண்டுகள் பைப் மேஜர், அதாவது பேக்பைப் வாசிப்பவர்களின் தலைவர். ஊரில் பலருக்கு அவர் பெயரே மறந்துபோய், ‘பைப் மேஜர் வீடு’ என்றுதான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

வேலூர்ப் பக்கத்து ஊர்களில் ராணுவத்துக்குப் போவது புதிய செய்தி அல்ல. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு வேலூருக்குப் போனால் அப்பா அதன் முன்னால் நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். “பதினான்கு பேருக்கு மரியாதை செய்தாகிவிட்டது. திரும்பி வந்த மீதி 263 பேருக்காக வாருங்கள், டீ குடிக்கலாம்” என்று கடைக்கு அழைத்துப் போவார். கணக்கில் கெட்டிக்காரர்.

பிள்ளைகள் அவரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தாத்தா, சண்டையில் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” அப்பா முகத்தைச் சுருக்கி, விரல் விட்டு எண்ணி, “சுட்டது சப்பாத்தி மட்டும்தான். அதிலும் பாதி கருகிவிட்டது” என்பார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் அவர் சொல்ல மாட்டார். காலாட்படை பட்டாலியனில் வாத்தியம் வாசிப்பவர்களுக்குப் போர்க்காலத்தில் வேறு வேலை இருக்கிறது: வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்ட்ரெச்சர் தூக்கப் போக வேண்டும். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில், கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தைக் கடந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் அப்பாவும் ஒருவர். இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர், தன் வேட்டியை முழங்கால் வரை உயர்த்தித் தழும்பைக் காட்டி, “இந்தக் கால் நடப்பது உங்கள் அப்பா தோளால்தான். வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே தூக்கி வந்தான்” என்று அம்மாவிடம் சொன்னார். ஐயா, எங்கள் அப்பாவை எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். உங்களுக்குத்தான் முதல் நன்றி.

நுரையீரல் நோய் வந்த பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாகிவிடும் என்று தெரிந்தது. பேக்பைப் ஊதுபவருக்கு மூச்சே மூலதனம். மாடி ஏறவே இளைப்பு வந்த நிலையில் ஊதுவது எப்படி? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் வழியாக வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. குழாயை மூக்கில் மாட்டிய அன்று, “இருபத்து நான்கு வருடம் நான் சர்க்காருக்கு ஊதினேன். இப்போது சர்க்கார் எனக்கு ஊதுகிறது” என்றார். இயந்திரத்தைப் பொருத்த வந்த தம்பி சிரித்த சிரிப்பில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். அதன்பின் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டு, அழைக்காமலேயே பலமுறை வந்துபோனார். தம்பி, நன்றி.

இப்போது எழுதப்போவது நாதஸ்வர வித்வான் மாமாவையும் அவருடைய சீடனையும் பற்றி. இதை விரிவாகவே எழுத வேண்டும்.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் முப்பது வருடப் பழக்கம். இருவரும் சீவாளி (குழலில் ஒலி எழுப்பும் நாணல் நாக்கு) பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். பேக்பைப்பில் மூன்று குழல்கள் இடைவிடாமல் ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்கும். அது நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் நம் ஒத்து செய்யும் வேலைதான் என்று அப்பா சொல்வார். வாசிக்கும் குழலில் மொத்தம் ஒன்பது சுரங்கள். ஹரிகாம்போஜி ராகம் அதில் அப்படியே அமைந்திருக்கிறது. ஆகவே மோகனம் சுகமாக வரும். அந்தச் சுரங்களில் அடங்காத தோடி ராகத்தைக் கேட்டால், “கமாண்டிங் ஆபீசர் அனுமதி தரவில்லை” என்று கையை விரித்துவிடுவார். இன்னொரு சங்கடமும் உண்டு: பையிலிருந்து வரும் காற்று நடுவில் நிற்காது. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமானால், இடையில் வேறொரு சுரத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் தொட்டுவிட்டு வர வேண்டும். அப்பாவின் விரல் அப்படித் தொடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் பிடிக்க முடியாது. காதில் மட்டும்தான் விழும்.

நோய் முற்றிய காலத்தில் மாமா ஒரு நாள் தன் சீடனை அழைத்துக்கொண்டு வந்தார். பிளஸ் டூ படிக்கும் பையன். “உங்களுக்குக் குறைவது காற்றுதானே? கையும் விரலும் நன்றாகத்தானே இருக்கின்றன?” என்றார். அப்பாவைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்து, மீரட்டில் வாங்கிய அந்தப் பழைய பேக்பைப்பை அவர் இடது கக்கத்தில் இடுக்கினோம். பையன் முன்னால் மண்டியிட்டு ஊதுகுழலை வாயில் வைத்தான். அவன் ஊத, அப்பா முழங்கையால் பையை அழுத்த, முதலில் வந்த சத்தத்தில் தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. “பசு கன்று போடுகிறது. யாராவது சுடுதண்ணீர் கொண்டுவாருங்கள்!” என்றார் அப்பா. பையன் சிரித்துச் சிரித்து ஊத முடியாமல் போனான். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ சுருதி கூடியது. ஒத்துக் குழல்கள் மூன்றும் சேர்ந்து நின்றன. அப்பாவின் விரல்கள் அசைந்தன. மோகனம் வந்தது.

சமையலறையில் இருந்த அம்மா கரண்டியோடு வந்து கதவருகில் நின்றார்.

அன்று தொடங்கி, தேர்வு நாட்கள் நீங்கலாக, அந்தப் பையன் மாலைதோறும் வந்தான். ஒரு காசு வாங்கவில்லை. அப்பா அவனுக்கு ‘லான்ஸ் நாயக்’ என்று ராணுவப் பதவி கொடுத்தார். பொதுத்தேர்வில் தேறிய அன்று அடுத்த படியான ‘நாயக்’ ஆக்கினார். வாத்தியம் கேட்கவென்றே திண்ணையில் ஆட்கள் கூடினார்கள். டீக்கடை அண்ணன் அந்த நேரத்துக்குத் தூக்குச் சட்டியில் டீ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் நோய் இருந்தது. ஆனால் நோயாளி வீட்டின் களை இல்லாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். நகைச்சுவை சொல்கிறவருக்குக் கேட்க ஆள் வேண்டும். ஒரே கதையைப் பத்தாவது முறை சொன்னபோதும் முதல் முறை கேட்பதுபோல் உட்கார்ந்தீர்களே, அதை எந்த மருந்துக் கணக்கில் எழுதுவது?

மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிகளுக்கும், மழையில் சந்து முனை வரை ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் நன்றி.

மைதானத்துத் தம்பிகளே, ராணுவ ஆள்சேர்ப்புக்காக உங்களை விடியற்காலையில் 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சோடு நின்று திட்டியவர் அவர். “இந்த வேகத்தில் ஓடினால் எதிரி உன்னைக் கடந்து போய் உனக்கே டீ போட்டு வைப்பான்” என்று அவர் கத்துவது எங்கள் மொட்டைமாடி வரை கேட்கும். அவரைத் தூக்கும்போது தோள் கொடுக்க நீங்கள் போட்டி போட்டதை அண்ணன் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

முன்னாள் படைவீரர்கள் மலர் வளையத்தோடு வந்தீர்கள். வாசலில் வரிசையாக நின்று, “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று ரெஜிமென்டின் போர் முழக்கத்தை முழங்கினீர்கள். அப்பாவின் பழைய தோழர் ஒருவர் பியூகிளில், மறைந்த படைவீரருக்கு இறுதி மரியாதையாக ஊதும் ‘லாஸ்ட் போஸ்ட்’ இசையை வாசித்தார். எழுபதைத் தாண்டிய வயதில், ஒரு சுரம்கூடப் பிசகாமல். அப்பா கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு பதவி உயர்வு கொடுத்திருப்பார்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்த அந்த ஓய்வுபெற்ற கிளார்க் சாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பழைய ஆவணம் ஒன்றில் அம்மாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்தது, ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிவேற்றியது எல்லாம் அவர்தான். அம்மாவை ஒரு முறைகூட வரிசையில் நிற்க விடவில்லை. இதேபோன்ற பிழை உங்கள் வீட்டு ஆவணங்களிலும் இருக்கக்கூடும். படைவீரர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

பேக்பைப்பை எங்கள் ‘நாயக்’ தம்பிக்கே கொடுத்துவிட்டோம். அப்பாவின் விருப்பமும் அதுதான். பையின் தோல் உலர்ந்திருக்கிறது, சீவாளியும் மாற்ற வேண்டும். வித்வான் மாமா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஓர் உதவி மட்டும் இன்னும் கேட்கிறோம். கோயில் திருவிழாவிலும் உங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் அப்பா வாசித்திருக்கிறார். அந்த கேசட், வீடியோ, புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அண்ணனிடம் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றியுடன்,
பைப் மேஜர் வீட்டார்