பிரசவ அறையில் ஒரு வாளி வெந்நீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் பக்கத்தில் தண்ணீருக்குள் பிரசவம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பணக்காரர்களின் புது மோகம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எழுதுவதற்கு முன் அப்படிப் பெற்றெடுத்த ஒரு தாயிடமாவது பேசியிருக்கலாம். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள், என் தங்கை. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள், பணக்காரி கிடையாது, அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பைசா செலவில்லாமல் தொட்டிக்குள் பிள்ளை பெற்றாள்.

அவள் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இறங்கின உடனே உடம்புல பாதிக் கனம் காணாமப் போச்சுக்கா. வலி போகலை, வலி இருந்துச்சு. ஆனா வலி வந்தா திரும்பிக்க இடம் இருந்துச்சு." முட்டி போட்டிருக்கிறாள், குத்த வைத்திருக்கிறாள், தொட்டி விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள், யாரும் அதட்டவில்லை. கூடவே ஒரு மருத்துவச்சி, அதாவது அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீருக்குள்ளேயே வைக்கிற கருவியால் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டிருக்கிறார். முக்கத் தொடங்கிய பிறகு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. தண்ணீரின் சூட்டையும் மணிக்கொரு தரம் பார்த்து, 37.5 டிகிரியைத் தாண்ட விடவில்லை, தாய் உடம்பு கொதித்தால் பிள்ளையும் கொதிக்கும் என்பதால். கடைசியில் பிள்ளையைக் குனிந்து தூக்கியது அவளேதான். "அவன் அழவே இல்லக்கா, முழிச்சு முழிச்சுப் பாத்தான், நான்தான் அழுதேன்" என்றாள்.

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, பிள்ளை மூச்சுமுட்டாதா என்பதுதான். பனிக்குடத்துக்குள் பிள்ளை பத்து மாசமும் தண்ணீரில்தான் கிடக்கிறது, அதற்கு வேண்டிய பிராணவாயு தொப்புள்கொடி வழியாகத்தான் போகிறது. நல்லபடியாக இருக்கிற பிள்ளை வெளிக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் முதல் மூச்சை இழுக்கும். ஆனால் உள்ளேயே திணறிப்போன பிள்ளை தண்ணீருக்குள்ளேயே மூச்சை இழுத்துவிடலாம். துடிப்பை விடாமல் கேட்பது அதற்காகத்தான். பிறந்தவுடனே முகத்தை மேலே கொண்டுவந்துவிட வேண்டும், ஒருமுறை வெளியே வந்த முகம் மறுபடி தண்ணீரில் மூழ்கக் கூடாது, அவசரப்பட்டு வெடுக்கென்று தூக்கினால் கொடி அறுந்து பிள்ளையின் ரத்தம் வீணாகிவிடலாம். தொட்டியையும் குழாயையும் ஒழுங்காகக் கழுவாவிட்டால் கிருமி தொற்றும். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு, இரட்டைப் பிள்ளை, தலை திரும்பாத பிள்ளை, மாசம் நிறையாத பிள்ளை என்றால் தொட்டிப் பக்கமே விடமாட்டார்களாம். இத்தனையும் தெரிந்த கைகள் பக்கத்தில் இருந்ததால்தான் என் தங்கை நிம்மதியாக இருந்தாள்.

எல்லோருக்கும் அப்படியே நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறவள், அங்கே தொட்டி வசதியுள்ள ஓர் இடத்தில் பதிந்து வைத்திருந்தாள். நாலு மணி நேரம் தண்ணீரில் இருந்தவளைப் பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது என்று வெளியே ஏற்றிக் கட்டிலில்தான் பிரசவம் பார்த்தார்கள். ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்டேன். "அந்த நாலு மணி நேரம்தான் அத்தை என்னைத் தாங்குச்சு" என்றாள்.

இப்போது என் கதை. கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் வாக்கப்பட்டவள் நான். தலைப்பிள்ளைக்கு வலி எடுத்தது தை மாசத்தில், பூண்டுக் காட்டில் உறைபனி விழுகிற நேரம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. போனவுடனே மேசை மேல் மல்லாக்கப் படு என்றார்கள். குறுக்கு பிளந்துபோகிற மாதிரி வலி, ஒருக்களித்துப் படுத்தால்கூடத் திட்டு. கத்தினால் அதற்கு மேல் திட்டு, எந்த மாதிரித் திட்டு என்று பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தெரியும், பத்திரிகையில் எழுத முடியாது. அம்மாவை உள்ளே விடவில்லை. நடுராத்திரி, நர்ஸம்மா அந்தப் பக்கம் போன நேரமாகப் பார்த்து ஓர் ஆயாம்மா என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்காரவைத்து, அவர் டீ போடக் காய்ச்சி வைத்திருந்த வெந்நீரை விளாவி என் இடுப்பில் சொம்பு சொம்பாக ஊற்றினார். அரை மணி நேரம் இருக்கும். பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள், அந்த அம்மாவுக்கும் திட்டு விழுந்தது, என்னை மறுபடி மேசையில் ஏற்றினார்கள். பதினொரு மணி நேரம் வலியில் கிடந்தவளுக்கு இன்றைக்கு நல்லதாக ஞாபகம் இருப்பது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக அது உறுத்துகிறது.

தங்கை தொட்டிக் கதையைச் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சொம்புத் தண்ணீர்தான். நம் வீடுகளில் தெரியாத விஷயமா இது? சூட்டு வலியா பிள்ளை வலியா என்று தெரியாவிட்டால் என் பாட்டி சீரகக் கஷாயம் கொடுத்து இடுப்புக்கு வெந்நீர் ஊற்றச் சொல்வார், அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் வண்டியைக் கூப்பிடு என்பார். பிள்ளை பெற்ற பிறகும் வெந்நீர்தான். வலியெடுத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற அந்த நேரத்துக்கு மட்டும் அது இல்லாமல் போய்விடுகிறது.

டாக்டர்கள் இதில் எங்கே நிற்கிறார்கள் என்று தங்கையைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மிஷேல் ஓடான் என்கிற பிரெஞ்சு டாக்டர் பித்திவியே ஊர் அரசு மருத்துவமனையில் 1970-களில் தொட்டி வைத்ததே வலி தணியத்தான், அதற்குள் பிள்ளை பெறுவதற்காக வைக்கவில்லை. இறங்கிய சில பெண்கள் வெளியே வர மனமில்லாமல் உள்ளேயே பெற்றுவிட்டார்கள், அப்படி நடந்த பிரசவங்களைப் பற்றி 1983-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவர் எழுதினார். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2016-ல், வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், பிறப்பு மட்டும் வெளியே நடக்கட்டும், போதுமான ஆதாரம் இல்லை என்றது. 2018-ல், பல ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பு 15 பரிசோதனைகளை, மொத்தம் 3,663 பெண்களை, சேர்த்துப் பார்த்தபோது தண்ணீரில் இருந்தவர்களில் வலி தெரியாமலிருக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைவு. அப்புறம் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்டது, பிரிட்டனில் 2015 முதல் 2022 வரை பிரசவ வலியில் தொட்டியைப் பயன்படுத்திய 87,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரம். சிக்கல் இல்லாத பெண்கள் தண்ணீரிலேயே பெற்றாலும், வெளியே வந்து பெற்றதைவிடத் தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து கூடவில்லை. ஆக கடைசி நேரத்தைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. வலி நேரத்து வெதுவெதுப்பான தண்ணீரை இவர்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் பிளாஸ்டிக் தொட்டியை ஊதி வைத்துவிடப் போகிறார்களோ என்றும் பயமாக இருக்கிறது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ரத்தப்போக்கு நிற்காமல் ஓர் ஆசிரியை இறந்துபோனதை மறக்க முடியுமா? அது நீர்ப்பிரசவம் இல்லை, ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாத பிரசவம். கீழ் நாட்டிலேயே அப்படியென்றால் எங்கள் மலையில்? எங்கள் மேல்மலை ஊர்களிலிருந்து கொடைக்கானலுக்கே ஒரு மணி நேரம், அங்கிருந்து தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் டம் டம் பாறை வளைவெல்லாம் இறங்கி, காட்ரோடு வந்து, பெரியகுளம் தாண்டிப் போகவேண்டும். மழைக்கு மரம் விழுந்தால் அதுவும் இல்லை. வெள்ளகவியிலிருந்து பிள்ளைத்தாச்சிகளை டோலி கட்டித் தூக்கி வந்த கதை உங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கும். வீட்டில் தொட்டி வைக்காதீர்கள், தயவுசெய்து வைக்காதீர்கள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் நாளைக்கே தொட்டி வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒரு பிரசவத்துக்குப் பல நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும், சீசன் நேரத்தில் நாங்கள் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிறோம். மார்கழிக் குளிரில் அதை 37 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது? நான் கேட்பது ரொம்பச் சின்னது. பிரசவ வார்டை ஒட்டி ஒரு சுத்தமான குளியலறை, வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார ஸ்டூல், நிற்காமல் வெந்நீர். சோலார் ஹீட்டர் வைத்துக் கணக்குக் காட்டவேண்டாம், மஞ்சு மூடுகிற மாதங்களில் அது வெதுவெதுப்புகூடத் தராது. கூட ஒரு பெண் துணை. விருப்பப்பட்ட துணையும், எழுந்து நடமாடுகிற உரிமையும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. அதே ஆய்வில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்த மேசையில் இன்னொரு ராத்திரி கிடப்பதற்குக் கத்தி வைத்துக்கொள்வதே மேல் என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும்.

நர்ஸுகளுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து மருத்துவச்சிகளாக ஆக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்ததே, அதற்கு மலை ஊர்களில் வேலை பார்க்கிற நர்ஸம்மாக்களை முதலில் அனுப்புங்கள். அவர்களையும் நான் குறை சொல்லி முடித்துவிட விரும்பவில்லை. ஒரே ஆள் ராத்திரி முழுக்க மூன்று பிள்ளைத்தாச்சிகளைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். வரும் தை மாசம் என் நாத்தனார் மகளுக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். கூட இருக்கப்போவது நான்தான். இரண்டு பெரிய பிளாஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்