தங்கவயல் குரல்களைப் பதிவு செய்ய உங்கள் உதவி வேண்டும்

கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன மழைக்காலத்தில் என் பள்ளித் தோழன் இருபது வருடம் கழித்து ஊருக்கு வந்தான். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இறங்கி இருவரும் கால் போன போக்கில் நடந்தோம். தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய ஷாஃப்ட் கோபுரத்துச் சக்கரம் துருவேறி நிற்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டை மழை வரிவரியாக அரித்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லைன் என்போம். அவன் பிறந்த லைன் வீட்டில் கூரை இல்லை. அடுப்பு மேடை மட்டும் கரியோடு இருந்தது. அதில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

பக்கத்து லைன் பெரியவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து நம்பர் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் காட்டினார். சுரங்கத்தில் இறங்கும்போது கொடுத்துவிட்டு, மேலே வந்ததும் திரும்ப வாங்க வேண்டுமாம். "ராக் பர்ஸ்ட்னா, அதாவது உள்ளே பாறை வெடிச்சா, மேலே வீட்டுல பாத்திரம் உருளும் தம்பி. பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்டுக்கு ஓடுவாங்க. எந்த வில்லை அப்படியே கிடக்குதுன்னுதான் பார்ப்பாங்க" என்றார்.

அதை என் போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் காற்றும் பக்கத்து வீட்டு மிக்ஸியும்தான் கேட்கிறது. மறுபடி போனபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கால் மணி நேரம்கூடப் பேச முடியவில்லை. இப்படிப்பட்டவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் எங்கள் குழு அன்றைக்குத்தான் உருவானது.

1880இல் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி வந்தது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். இதெல்லாம் புத்தகங்களில் கிடைக்கும். 1965இல் இந்தப் பாறைக்கு அடியில் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்த கதையும் கிடைக்கும். இடிந்த சுவரைப் படம் பிடிக்கவும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பித்தளை வில்லையின் கதையை இந்தப் பெரியவர் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் கட்டமாக 40 பேரின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கப் போகிறோம். வீடுகளில் இருக்கும் பழைய படங்களை அங்கேயே ஸ்கேன் செய்து, உடனே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒலிப்பதிவுக் கருவிக்கும் காலர் மைக்குகளுக்கும் 38,000 ரூபாய். ஸ்கேனர் 22,000. கேட்டு எழுதும் இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு 60,000 (இது குறைவுதான், எங்களுக்கே தெரியும்). ஹார்டு டிஸ்க், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பென் டிரைவ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 30,000. ஆக 1,50,000. குழுவில் உள்ள ஏழு பேரும் சேர்ந்து 35,000 போட்டுவிட்டோம். மீதி 1,15,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எங்களில் மூன்று பேர். ரசீதுப் புத்தகம் அவர்கள் பையில் எப்போதும் இருக்கும்.

பணம் தோதுப்படாவிட்டால் பரவாயில்லை. தாத்தாவின் பெட்டியில் வில்லை, விளக்கு, சம்பளச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாமான்காரரிடம் போடும் முன் எங்களைக் கூப்பிடுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம்.