வில்லங்கம் பார்க்காமல் பங்கு வாங்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு கம்பெனியின் பங்கை வாங்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "பி.இ. ஆறுதான் அக்கா, புத்தக மதிப்பில் பாதி விலைக்குக் கிடைக்குது. வேல்யூ இன்வெஸ்டிங்னா இதுதானே?" என்றாய். பி.இ. என்றால் பங்கின் விலை ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. புத்தக மதிப்பு என்றால் கம்பெனியின் சொத்தில் கடனைக் கழித்தது போக ஒரு பங்குக்கு நிற்பது. உண்மையான மதிப்பைவிடக் குறைந்த விலைக்குப் பங்கு வாங்குவதுதான் வேல்யூ இன்வெஸ்டிங். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமாக நீ சேர்த்த பணம் அது. அதனால்தான் அவசரப்படாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல இப்போதுதான் பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு தொடங்கிய வேறு யாருக்காவது உதவும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

சித்தப்பா திருமங்கலம் பக்கம் மனை வாங்கினது உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். ஐந்தரை சென்ட். அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவு. புரோக்கர் தினமும் வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட ரெடியா இருக்கார்" என்று அவசரப்படுத்தினார். சித்தப்பா அசையவில்லை. தாய்ப்பத்திரத்தின் நகலை வாங்கி வக்கீலிடம் கொடுத்தார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். அதில் பழைய அடமானம் ஒன்று தெரிந்தது. கடனை எப்போதோ அடைத்தாயிற்று என்றார் விற்பவர், ஆனால் ரத்து ரசீது பதிவாகவில்லை. அது பதிவாகி வரும்வரை நான்கு மாதம் காத்திருந்தார். அப்புறம் சர்வேயரை வைத்து அளந்தால், கிழக்குப் பக்கம் இரண்டடி பக்கத்து மனையின் வேலிக்குள் போயிருந்தது. அதையும் விலையில் கழித்துக்கொண்டுதான் கிரயம் முடித்தார்.

நீ சொன்ன கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்தாயா என்று உன்னைக் கேட்டேன். "ஆப்லயே எல்லாம் இருக்கே அக்கா" என்றாய். ஆப்பில் இருப்பது விலையும் நாலைந்து விகிதங்களும்தான். புரோக்கர் வாயால் சொல்லும் சென்ட் கணக்கு மாதிரி அது. பத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் போய் எடுத்துப் படிக்க வேண்டும்.

இந்த வழிக்கு அடித்தளம் போட்ட பெஞ்சமின் கிரஹாம் அப்படித்தான் போய் எடுத்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை 1911ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தபோது பிரிந்து வந்தவற்றில் நார்தர்ன் பைப் லைன் ஒன்று. எண்ணெய்க் குழாய் நடத்தும் சின்னக் கம்பெனி. பங்குதாரர்களுக்கு அது கொடுத்த கணக்கு மிகச் சுருக்கமானது. ஆனால் இப்படிப்பட்ட கம்பெனிகள் வாஷிங்டனில் இருந்த வர்த்தக ஆணையத்துக்கு விரிவான அறிக்கை தர வேண்டும் என்பதை 1926ல் கிரஹாம் கவனித்தார். ரயிலேறிப் போய் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். நார்தர்ன் பைப் லைன் பங்கின் விலை அப்போது 65 டாலர். கம்பெனி கையில் ரயில்வே கடன் பத்திரங்களாகச் சும்மா இருந்த சொத்தே பங்குக்கு ஏறக்குறைய 95 டாலர். குழாய்த் தொழில் நடக்க அந்தப் பணம் தேவையே இல்லை.

அந்த அறிக்கைகளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. யார் கேட்டாலும் கொடுத்திருப்பார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. அவர் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். அடுத்த வருடம் பென்சில்வேனியாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குப் போய்ப் பேச எழுந்தபோது அவர் சொன்னதை வழிமொழிய ஓர் ஆள்கூட இல்லை. அதற்கடுத்த வருடம் மற்ற பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு போய் இயக்குநர் குழுவில் இடம் பிடித்தார். கடைசியில் கம்பெனி பங்குக்கு 70 டாலர் வீதம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. உன்னாலும் என்னாலும் இயக்குநர் குழுவில் இடம் பிடிக்க முடியாது. ஆனால் படிக்க முடியும். இன்று ரயிலேறக்கூட வேண்டாம், என்.எஸ்.இ., பி.எஸ்.இ. பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் எல்லா ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது.

சரி, படிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை என் கணக்கிலிருந்தே சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2014ல் ஒரு சின்ன உற்பத்திக் கம்பெனியில் இரண்டு லட்சம் போட்டேன். பி.இ. ஐந்துதான். புத்தக மதிப்பு 120 ரூபாய், விலை 58. நீ காட்டியதும் ஏறக்குறைய இதே படம்தான். விற்பனை 200 கோடியிலிருந்து இரண்டே வருடத்தில் 260 கோடி ஆனது, லாபமும் ஏறியது. நான் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு வரி. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 60 கோடியிலிருந்து 130 கோடி ஆகியிருந்தது.

இதை நாள் கணக்கில் போட்டுப் பார். பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், முதல் வருடம் 110 நாள், மூன்றாம் வருடம் 182 நாள். சரக்கு போய்க்கொண்டே இருக்கிறது, காசு திரும்பி வரவில்லை. பணப்புழக்க அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மூன்று வருடமும் மைனஸ். லாபம் தாளில் மட்டும் இருந்தது. இன்னும் பின்னால் போனால், தொடர்புடைய தரப்பினர் குறிப்பில், கம்பெனியைத் தன் கைக்குள் வைத்திருக்கும் முதலாளியான புரோமோட்டரின் குடும்பத்துடைய இன்னொரு கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் போயிருந்தது. அலுவலகத்தில் தினமும் பாக்கி வசூல் பட்டியலோடு மல்லுக்கட்டுகிறவள் நான். ஆனாலும் என் சொந்தப் பணத்தைப் போடும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. வெளியே வந்தபோது கையில் மிஞ்சியது முப்பத்தோராயிரம்.

அதனால் இப்போது ஆண்டறிக்கையைக் கடைசியிலிருந்துதான் படிக்கிறேன். தலைவர் எழுதும் முன்னுரையும் பளபளப்பான படங்களும் காத்திருக்கட்டும். முதலில் ஆடிட்டர் அறிக்கை, ஏதாவது ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா என்று. அப்புறம் கணக்கின் கீழுள்ள குறிப்புகள். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளால் எவ்வளவு பொறுப்பு வரக்கூடும், புரோமோட்டர் வீட்டாருக்கு யார் யார் பெயரில் என்ன போகிறது என்று பார்ப்பேன். புரோமோட்டர் தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா என்பது காலாண்டுக்கு ஒருமுறை வரும் பங்குதாரர் பட்டியலிலேயே தெரியும். அதுதான் நமக்கு வில்லங்கச் சான்று.

பத்திரம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் விலைப் பேச்சு. ஒரு பங்கை மட்டும் பார்க்காதே, முழுக் கம்பெனியையும் நீயே வாங்குவதாக நினைத்துக்கொள். 10 கோடி பங்குகள், விலை 80 ரூபாய் என்றால் மொத்தம் 800 கோடி கேட்கிறார்கள். இயந்திரச் செலவெல்லாம் போக வருடத்துக்கு 40 கோடி கையில் நிற்கிறது என்றால் உனக்குக் கிடைப்பது 5 சதவீதம். பேங்க் டெபாசிட்டில் 7 சதவீதம் கிடைக்கிற நாளில் இதை எதற்காக வாங்க வேண்டும்? தொழில் வளரும் என்ற நம்பிக்கைக்காக. அந்த நம்பிக்கை பொய்த்தால் உன்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. அதே பங்கு 45 ரூபாய்க்கு வந்தால் மொத்த விலை 450 கோடி, வரவு 9 சதவீதம் பக்கம். என் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் தாங்கும். கிரஹாம் மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்று சொன்னது இந்த இடைவெளியைத்தான். அந்த இரண்டடியைச் சித்தப்பா விலையில் கழித்தாரே, அந்த மனசு இதற்கும் வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் ஏமாறலாம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்கில் பேர்பெற்ற ஆடிட்டர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிய கடிதத்தில்தான், காட்டியிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பது தெரிந்தது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே, தன் குடும்பத்தாரின் மேடாஸ் கம்பெனிகள் இரண்டைச் சத்யத்தின் பணத்தில் வாங்கப் பார்த்தார். எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார். கம்பெனிப் பணம் குடும்பத்தின் பக்கம் திரும்புவதைக் கண்டதும் கிளம்பியவர்கள் நஷ்டத்தோடுதான் போனார்கள், ஆனால் மொத்தத்தையும் இழக்கவில்லை. ஒரே கம்பெனியில் எல்லாப் பணத்தையும் போடாதே என்று உன்னிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

விலை இறங்கும் நாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். 2020 மார்ச் 23, பி.எஸ்.இ.யின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்தது. நான் ஒரு நீள நோட்டில் மூன்று கம்பெனிகளின் பெயரை எழுதி, எதிரே எந்த விலைக்கு வந்தால் வாங்கலாம் என்றும் எழுதி வைத்திருந்தேன். ஒன்று அந்த விலைக்கு வந்தது. வாங்கும்போது கை நடுங்கியது உண்மை. ஆனால் அந்த எண்ணை எழுதியது பயமில்லாத ஒரு சாயங்காலத்தில், ஐந்து வருட அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு. அதை நம்பினேன். அந்த நவம்பரிலேயே சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் மீளும் என்று எனக்கு அப்போது தெரியாது, ஐந்து வருடம் ஆகும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பணம் ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத பணம் என்பதால்தான் தூங்க முடிந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கென்று நீ ஒதுக்கியிருப்பதை இதில் கொண்டுவராதே.

உன் ரூம்மேட், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டு ஆடும் எஃப் அண்ட் ஓ பண்ணச் சொல்வதாகச் சொன்னாய். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. வேண்டாம்ப்பா.

நீ சொன்ன கம்பெனி நல்லதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, இன்னும் படிக்கவில்லை. அதன் ஐந்து வருட ஆண்டறிக்கையை இறக்கி வை. பாக்கி, விற்பனை, தொழிலிலிருந்து வந்த ரொக்கம், இந்த மூன்றையும் வருடவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. பொங்கலுக்கு மதுரை வரும்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம். தொடர்புடைய தரப்பினர் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து வா, அதைச் சித்தப்பா கையில் கொடுப்போம். பங்குச்சந்தை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் யார் பெயரில் எது போயிருக்கிறது என்று அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

அன்புடன்,
அக்கா