சாயங்காலத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு

வியாசர்பாடி கேரம் மன்றத்து அண்ணன்மார்களுக்கும், கடல் ஆமை முட்டைகளைக் காக்க ராத்திரியில் கரையோரம் போகிற ஆமை நடையில் என்னைச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கும், டீக்கடை அண்ணாச்சிக்கும், இன்னும் இதில் வரப்போகிற எல்லோருக்கும் வணக்கம்.

குடியை நிறுத்த உதவியவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், ஆலோசகர் அம்மா, கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் தொடங்கிய இடம் அது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த நன்றி.

இந்த மடல் வேறு ஆட்களுக்கு. நிறுத்திய பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவனுக்கு வேலை கொடுத்தவர்களுக்கு. உங்களில் பாதிப்பேருக்கு எனக்கு உதவி செய்தோம் என்பதே தெரியாது.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். என் பொழுதும் பல வருஷமாக அந்தக் கணக்கில்தான் ஓடியது. சரக்கை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிட முடியாது. அதோடு சுண்டல், வறுத்த மீன், கிரிக்கெட் சண்டை, தோளில் கை போட்டு அழுகிற சிநேகிதம் எல்லாம் மொத்தமாகப் போய்விடும். வீட்டில் உட்கார்ந்தால் கடிகாரம் நகராது. டிவி பார்த்தால் எரிச்சல். சாப்பாடுகூட மண் மாதிரி இருந்தது.

அதற்குக் காரணத்தை ஆலோசகர் அம்மா விளக்கினார். பல வருஷம் குடித்த மூளை, சின்னச் சின்ன சந்தோஷத்தைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளவே மறந்திருக்கும். அது பழையபடி வரச் சில மாதம் ஆகும். "பிடிச்சா போறேன்னு இருக்காதீங்க. போய்க்கிட்டே இருங்க, பிடிக்கும்" என்றார். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் எது வந்தாலும் உஷாராக இருக்கச் சொன்னார். ஆறு மணிக்கு எனக்கு நாலும் சேர்ந்தே வரும்.

முதலில் தியானத்துக்குப் போனேன். கண்ணை மூடினால் குவார்ட்டர்தான் தெரிந்தது. நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. எனக்கு ஒத்துவரவில்லை.

மன்றத்து அண்ணன்மார்களே, உங்கள் பக்கம் வந்தது போர்டுக்காக இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் டாஸ்மாக் கடை இல்லாத சந்து உங்கள் சந்து ஒன்றுதான். வேடிக்கை பார்க்க நின்றவனை "உக்காருங்க சார், ஒரு கை குறையுது" என்று கூப்பிட்டீர்கள். அந்த வாரத்திலும் எனக்குக் கை நடுக்கம் முழுசாக விடவில்லை. ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராம்தான் இருக்கும். கோட்டில் வைத்தால் அது தானாக ஆடுகிற மாதிரி தெரியும். நான் அடித்த முதல் அடியில் காயின் எதுவும் விழவில்லை, ஸ்ட்ரைக்கர்தான் நேராக பாக்கெட்டுக்குள் போனது. யாரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த பெரியவர் மட்டும், "மூணு விரலையும் போர்டுல நல்லா ஊணிக்கோப்பா, கை நிக்கும்" என்றார். அது ஆட்டத்துக்குச் சொன்ன யோசனை. நடுக்கம் ஏன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. விரலை ஊன்றினேன், கை நின்றது. முழுசாக இல்லை, ஒரு காயின் போடுகிற அளவுக்கு.

வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். 1991லும் 1995லும் உலக சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் ஐயாவைப் பற்றி நீங்கள் பேசும்போது சொந்தப் பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். இளவழகி இதே வியாசர்பாடியிலிருந்து கிளம்பி 2008இல் உலகப் பட்டம் வென்றவர். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமாவின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தச் செய்தி வந்த அன்று மன்றத்தில் கேசரி கொடுத்தீர்கள். எனக்கு இரண்டு பங்கு. குடியை விட்டவனுக்கு இனிப்பு மேல் ஆசை எகிறும் என்பதை யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி, சந்தேகம் உங்கள் மேல்தான். சாயங்கால டீயோடு கேட்காமலே ஒரு கடலை மிட்டாயை வைத்துவிட்டு அதைக் கணக்கில் எழுதாமல் விட்டீர்களே, அதற்கும் நன்றி. ஆனால் டாக்டர் இப்போது சர்க்கரையைப் பார்க்கச் சொல்கிறார். நிறுத்திக்கொள்ளலாம்.

மனஉறுதி வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மனஉறுதி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கே தீர்ந்துவிடும். ஆறு மணிக்கு என் ஜோடி போர்டில் பவுடர் போட்டுவிட்டு, "எங்கப்பா இன்னும் காணோம்" என்று வாசலைப் பார்ப்பார் என்கிற நினைப்புதான் என்னைக் கடைப் பக்கம் திரும்பாமல் நடக்க வைத்தது. சிவப்புக் காயினைப் போட்டுவிட்டு, ஃபாலோவாக அடுத்துப் போட வேண்டிய காயினை விட்ட அன்று அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. குடித்ததற்காக இல்லாமல் வேறொன்றுக்காகத் திட்டு வாங்குவது எவ்வளவு சுகம் தெரியுமா?

சனிக்கிழமை ராத்திரிதான் பாக்கி இருந்தது. மன்றம் ஒன்பதுக்கு மூடிவிடும். அதற்கு வழி காட்டியது என் மகள். அவளுடைய கல்லூரித் தோழிகள் ஆமை நடைக்குப் போகிறவர்கள். "அப்பாவும் வரட்டுமே" என்று கேட்டது அவள்தான். 1988இலிருந்து மாணவர்களே நடத்திவருகிற வேலை அது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, ராத்திரி பதினோரு மணி வாக்கில் நீலாங்கரையில் கிளம்பி, மணலில் நடந்தே பெசன்ட் நகர் வந்து சேர வேண்டும். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டிருந்தால், டிராக்டர் போன தடம்போல ஈர மணலில் அதன் துடுப்புத் தடம் இருக்கும். தடம் முடிகிற இடத்தில் கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மண் சட்டென்று இளகினால் அங்கேதான் குழி. நாயும் நரியும் மனிதரும் எடுத்துவிடாமல் இருக்க முட்டைகளைத் துணிப்பையில் எடுத்துப் போய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நூறு முட்டைக்கு மேல் இருக்கும். குலுக்கக் கூடாது.

ஒரு ராத்திரி அந்தப் பையை என் கையில் கொடுத்தீர்கள், தம்பி. "அங்கிள், நீங்க பிடிங்க, உங்க கை ஸ்டெடியா இருக்கு" என்றீர்கள். இருட்டாக இருந்ததால் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

எல்லா ராத்திரியும் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் போய்விடும் என்று விளக்கினீர்கள். பழைய நானாக இருந்தால் அந்தத் துக்கமே குடிப்பதற்குப் போதுமான சாக்கு. நீங்கள் என் கையில் டார்ச்சையும் நோட்டையும் கொடுத்து, எண்ணி எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். விடிந்ததும் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

பழைய கூட்டாளிகளில் ஒருவனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவன் இன்னும் குடிக்கிறான். போன ஆவணியில் நடந்த கல்யாணத்தில் யாரும் எனக்கு ஊற்றிக் கொடுப்பதற்கு முன்னால் ஓடிவந்து என் கையில் ஒரு பன்னீர் சோடாவைத் திணித்துவிட்டு, "இவனுக்கு இதுதான், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று கத்தினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பரவாயில்லைடா.

என் வீட்டுக்காரிக்கு இங்கே நன்றி எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட் வேலை. அதை ஒழுங்காகச் செய்துவருகிறேன்.

இதைப் படிக்கிற யாராவது இப்போதுதான் நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்றால், அதிகமாகக் குடிக்கிறவர்கள் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள். 14446 என்ற இலவச எண்ணுக்கும் பேசலாம். அதற்கப்புறம் சாயங்காலம் வியாசர்பாடிப் பக்கம் வந்தால் மன்றத்தில் ஒரு கை எப்போதும் குறையும்.

அண்ணன்மார்களே, பொங்கல் டோர்னமென்ட்டுக்கு போரிக் பவுடர் முழுக்க என் செலவு. ஜோடி மட்டும் மாற்றிவிடாதீர்கள்.