ரயிலே இல்லாத ஊரில் ரயில் நிலைய உரையாடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் ஆங்கில உரையாடல் பகுதியைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்துவைக்கும் வாசகி நான். குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் மாலை வேளைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் வந்த ‘ரயில் நிலையத்தில்’ உரையாடலைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பயணி எந்த பிளாட்ஃபார்ம் என்று கேட்கிறார். அலுவலர் மூன்றாவது என்கிறார். பயணி நன்றி சொல்கிறார். அவ்வளவுதான். எங்கள் இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது, அது போகட்டும். எழும்பூர் நிலையத்துக்கு எதிரிலேயே குடியிருக்கிற பிள்ளைக்கும் இதில் பேச என்ன இருக்கிறது? கேள்விக்கு அடுத்த வரியிலேயே பதில் அச்சாகிக் கிடக்கிறது. கேட்கிறவருக்கும் அது தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். பிறகு எதற்காக வாயைத் திறக்க வேண்டும்?

என்னிடம் வருகிறவர்களைச் சொன்னால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். தேக்கடிக்கு ஜீப் ஓட்டும் கம்பம், கூடலூர்ப் பையன்கள் உண்டு. மசாலாக் கடையில் நிற்கும் பெண்கள், வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் மலையாளி நர்ஸுகள் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில். ஜீப்காரத் தம்பி தமிழில் கேட்டால் நர்ஸ் சேச்சி மலையாளத்தில் பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். எல்லையோர ஊரில் இது வரம்தான், ஆனால் ஆங்கில வகுப்புக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. அச்சடித்த உரையாடலைக் கையில் கொடுத்தால் ஆளுக்கு ஒரு முறை ஒப்பித்துவிட்டு, மீதி நேரம் ஊர்க்கதைக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் நான் பேருந்து நேரத்தை எடுத்துக்கொண்டேன். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பேருந்து, இந்தப் பக்கம் கேரளப் பேருந்து. மதுரையிலிருந்து குமுளிக்கு வரும் பேருந்துகளின் நேரம் ஒருவர் தாளில் இருக்கும். குமுளியிலிருந்து கோட்டயம் போகிறவற்றின் நேரம் எதிரில் இருப்பவர் தாளில். ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. மதுரையிலிருந்து கிளம்பும் ஒரு பெரியவர் மாலை நாலு மணிக்குள் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் இருக்க வேண்டும். எத்தனை மணி வண்டியில் ஏறுவார், நடுவில் குமுளியில் சாப்பிட நேரம் கிடைக்குமா? ‘செவன் தர்ட்டி பஸ் நோ, லேட் ரீச்சிங்’ என்று உடைசல் ஆங்கிலம்தான் வரும். வரட்டும். ‘அங்கிள் ஈட் இன் பஸ்!’ என்று ஒரு தோட்டத்துப் பெண் சத்தம் போட்டதும் எதிரே இருந்த நர்ஸ், ‘நோ, ஹி இஸ் டயபடிக், ஹி மஸ்ட் சிட் அண்ட் ஈட்’ என்று மல்லுக்கு நின்றார். தாளில் சர்க்கரை நோய் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது.

இது நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு என்ற ஆங்கிலக் கல்வி ஆய்வாளர் பெங்களூரிலும், நம் சென்னை, கடலூர்ப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றிலும் இப்படித்தான் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வைத்துப் பார்த்தார். இலக்கணப் பட்டியலையும் ஒப்பிக்கும் வாக்கியங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுகிற மாதிரி வேலைகளைக் கொடுத்தார். ஒருவரிடம் இருக்கும் தகவலை மற்றவருக்குச் சொல்வது, இருக்கும் தகவலிலிருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவது, சொந்தக் கருத்தைச் சொல்வது என்று வேலைகளை மூன்று வகையாகப் பிரித்து, நடுவில் உள்ளதுதான் வகுப்பறைக்கு அதிகம் உதவும் என்றார். உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் இன்றும் பேசுகிற சோதனை அது. நம் ஊர்ப் பக்கமே நடந்தும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்குகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களில் அதன் வாடைகூட இல்லை. (பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் தப்பு மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பிரபு ஜோடிப் பேச்சை ஒதுக்கினார். அதில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. முப்பது பேர் உள்ள வகுப்பில் டீச்சரிடமே பேச வேண்டுமென்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைக்குமா?)

வெளிநாட்டு மருத்துவ வேலைக்காக நர்ஸுகள் எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வும் இதே வழிதான். பேச்சுப் பகுதியில் இரண்டு காட்சி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். கையில் கொடுக்கும் அட்டையைப் படிக்க மூன்று நிமிடம். நோயாளியாக உட்காருகிறவரிடம் வேறொரு அட்டை இருக்கும். அவருக்கு என்ன பயம், எதற்கு முரண்டு பிடிக்கிறார் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்தத் தேர்வுக்குக்கூட ‘மாதிரி உரையாடல்’ மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், என்ன சொல்ல!

கடைப் பெண்களுக்கு வேறு சரக்கு. ஏலக்காயை நாலு பொட்டலமாகக் கட்டிவைப்பேன். எட்டு எம்எம் பச்சைக் காய் ஒன்று, பொடிக் காய் ஒன்று, வெடித்தது ஒன்று, வெளுத்துப்போன பழைய காய் ஒன்று. வாங்க வந்தவர் பாயசத்துக்கா, டீக்கா, ஊருக்குக் கொண்டுபோய்ப் பரிசு கொடுக்கவா என்பது அவர் சீட்டில் மட்டும் இருக்கும். கடைக்காரர் கேட்டுக் கேட்டுச் சரியான பொட்டலத்தை நீட்ட வேண்டும். கொஞ்சம் தேறியவர்களுக்குப் புற்றடி, போடி ஏலக்காய்ச் சந்தைகளின் ஏல விலைத் தாளைப் பாதிப் பாதியாகக் கிழித்துக் கொடுப்பேன். லாட், மூட்டை, சராசரி விலை எல்லாம் வீட்டிலேயே பழகிய சொற்கள், அதனால் வெட்கம் இல்லாமல் பேசுகிறார்கள்.

காதால் கேட்கும் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1959-இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, சுமார் 1,500 சொற்களுக்குள், நிறுத்தி நிதானமாக வாசிக்கும் ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடக்கநிலைக்காரர்களுக்கு அந்த அளவுகோல் இன்றும் போதும். ஆனால் லண்டன் உச்சரிப்பு மட்டுமே கேட்டுப் பழகிய ஜீப்காரத் தம்பி, தேக்கடியில் ஒரு ஜெர்மன்காரர் ‘வில்டு எலிஃபண்ட்’ பற்றிக் கேட்டால் முழிக்கிறான். பஞ்சாபிக் குடும்பம் பேசும் ஆங்கிலமும் அவன் காதில் விழ வேண்டும்.

‘உனக்குப் பிடித்த பொழுதுபோக்கு எது’, ‘செல்போன் நன்மையா தீமையா’ வகைக் கேள்விப் பட்டியல்களை நான் தொடுவதே இல்லை. தமிழில் கேட்டாலே ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் பிள்ளைகளிடம் அது எடுபடாது.

உங்களிடம் நான் கேட்பது சின்ன மாற்றம்தான். அதே இடத்தில், அதே அளவில், உரையாடலுக்குப் பதிலாக இரண்டு பெட்டிகள் போடுங்கள். ஒன்றில் ஒருவருக்கான தகவல், இன்னொன்றில் மற்றவருக்கானது. மேலே உள்ள பெட்டியைத் தலைகீழாக அச்சிட்டால், பத்திரிகையை நடுவில் மடித்துக் கூடாரம் போல நிறுத்தி, எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஆளுக்கொரு பக்கம் படிக்கலாம். தென்காசிப் பதிப்பில் குற்றால சீசன், கம்பத்துக்குத் திராட்சை விலை, நாகர்கோவிலுக்கு மீன் ஏலம் என்று ஊருக்கு ஏற்ப மாற்றினால் இன்னும் நல்லது. விடையை மட்டும் அடுத்த வாரம் போடுங்கள். அதே பக்கத்தில் இருந்தால் எங்கள் பிள்ளைகள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ட்யூஷன் டீச்சர்,
குமுளி.