லேப் தேர்வில் படித்தால் புரிகிற கோடுக்கும் மார்க் கொடுங்கள்

பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் புரோகிராமிங் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளோடுதான் என் பகல் முழுவதும் போகிறது. அவர்கள் எழுதும் புரோகிராம் கோடைப் படித்துப் பார்த்து நான் சரி என்று சொன்ன பிறகுதான் அது வாடிக்கையாளரிடம் போகும். லாஜிக் அவர்களுக்கு நன்றாக வருகிறது. அது நீங்கள் போட்ட அடித்தளம். ஆனால் எழுதியதை இன்னொருவர் படிப்பார் என்ற எண்ணமே பலருக்கு இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

நான் படித்த காலத்தில் லேப் தேர்வில் அல்காரிதத்துக்கு, புரோகிராமுக்கு, அவுட்புட்டுக்கு, வைவாவுக்கு என்று மார்க் பிரிந்திருக்கும். அவுட்புட் வந்துவிட்டால், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல், புரோகிராமை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடுவார். சி மொழியில் எழுதப் பயன்பட்ட டர்போ சியின் நீலத் திரையில் மெயின் என்ற ஒரே பகுதிக்குள்ளேயே எல்லாவற்றையும் கொட்டி முழு மார்க் வாங்கியவன் நான். 40 வரியில் முடிகிற கணக்குக்கு அது போதும். அந்தப் பழக்கத்தை 800 வரிக்கும் கொண்டுபோனதுதான் தப்பு.

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். பில் போட ஒரே ஃபங்ஷன் (பெயர் வைத்துக் கூப்பிடும் கோடுத் துண்டு), 800 வரிக்கு மேல். தள்ளுபடி, வரி, ஸ்டாக் குறைப்பது, பிரின்ட் எடுப்பது எல்லாம் அதற்குள். அதில் பாதி நான் எழுதியது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. பழைய வாட் வரி போய், மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்று வரியைப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த ஃபங்ஷனுக்குள் வரிக் கணக்கு மூன்று இடங்களில் இருந்தது: விற்கும்போது, பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுக்கும்போது, வாங்கிய மருந்தை யாராவது திருப்பிக் கொடுக்கும்போது. முதல் இரண்டையும் மாற்றினேன். மூன்றாவது 600-ஆவது வரிக்குக் கீழே, ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து இஃப் நிபந்தனைகளுக்குள் கிடந்தது. கண்ணில் படவே இல்லை.

கவுண்டரில் யாருக்கும் தெரியவில்லை. எம்ஆர்பியில் வரியும் அடக்கம் என்பதால் மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சரியான பணம்தான் போனது. உள்ளே வரி மட்டும் பழைய கணக்கில் பதிவாகிக்கொண்டே இருந்தது. மாதக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோதுதான் இடித்தது. ஒரு கடைக்காரர் இரண்டு இரவு பில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பென்சிலால் டிக் அடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "கைக்கணக்குல தப்பு வருதுன்னுதானே தம்பி இதை வாங்கினேன்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் வரிக் கணக்கை மட்டும் தனி ஃபங்ஷனாக எடுத்தேன். மொத்தம் 12 வரி நீளம்தான். விலையையும் விகிதத்தையும் கொடுத்தால் இரண்டு பாதியையும் சொல்லும்; மூன்று இடங்களும் அதையே கூப்பிடும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீத வரி 5 சதவீதமானது. அந்த மென்பொருளை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண் விகித அட்டவணையை மாற்றி, அந்த ஒரு ஃபங்ஷனைச் சோதித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார். 2017-இல் நான் பட்ட பாடு அவருக்கு இல்லை.

ஒரு ஃபங்ஷன் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று மாணவர்கள் கேட்பார்கள். விண்கலங்களுக்கு நிரல் எழுதும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்திலிருந்து 2006-இல் வந்த பத்து விதிகளில் ஒன்று, ஒரு தாளில் அடங்க வேண்டும், ஏறக்குறைய 60 வரி என்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்களுக்கான வழிகாட்டி, ஒன்றிரண்டு திரைக்குள் நிற்கச் சொல்கிறது. ஆனால் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நீளமான எளிய சுவிட்ச் இருந்தால் பரவாயில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வரியை எண்ணுவதைவிட வழிகளை எண்ணுவது முக்கியம். ஒன்றையொன்று சாராத பத்து இஃப் அடுத்தடுத்து வந்தால் உள்ளே போய் வெளியே வர 1024 வழி. அத்தனையையும் யார் சோதிப்பது? இந்தச் சிக்கலை அளக்க 1976-இல் தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், கோடில் எத்தனை இடத்தில் வழி பிரிகிறது என்பதை வைத்துக் கணக்கிடும் ஓர் எண்ணைக் கொடுத்தார். 10-ஐத் தாண்டினால் பிரித்துவிடுங்கள் என்றார். 2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா கார் வழக்கு ஒன்றில், எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டிலைக் கட்டுப்படுத்தும் ஒரு ஃபங்ஷனுக்கு அந்த எண் 100-ஐத் தாண்டியிருந்ததாக நிபுணர் சாட்சி சொன்னார்.

மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் வழி இதைவிட எளிது. எழுதிய ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்வேன். போன மாதம் வந்த ஒரு பையன், "பட்டியலை வாங்கி, காலாவதியானதை எடுத்துடும், அப்புறம் விலைப்படி அடுக்கும், அப்புறம் ஃபைல்ல எழுதும்" என்றான். இரண்டு "அப்புறம்" வந்ததா, அந்த இரண்டு இடத்திலும் வெட்டு என்றேன். மூன்று ஃபங்ஷனாக ஆனது. அவன் வாயால் சொன்னதே பெயர்களாகவும் ஆகிவிட்டது. பெயர் கிடைக்காத துண்டை வெட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் மூன்று வரிக்கு ஒரு ஃபங்ஷன் என்று சிதறடித்து, படிப்பவரை அங்கும் இங்கும் ஓடவிடுவார்கள்.

ஒரு பேட்சுக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பது எனக்கும் தெரியும். அத்தனை பேருடைய கோடையும் வரிவரியாகப் படியுங்கள் என்று கேட்கவில்லை. பக்கத்து சீட் மாணவரின் புரோகிராமைக் கொடுத்து, அதில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். மாற்ற வேண்டிய இடம் சட்டென்று கிடைத்தால் எழுதியவருக்கு மார்க், சரியாக மாற்றினால் மாற்றியவருக்கு மார்க். ஐந்து மார்க்காக இருந்தாலும் போதும். வருகிற செமஸ்டரில் ஒரே ஒரு பேட்சுக்காவது இதைச் செய்து பாருங்கள். கூப்பிட்டால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் வந்து கூட உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் மாணவன் ஒருவன்